இரண்டு அணிகள், ஒரே வீரர்: பேஸ்பால் ஜோடிக் கணக்கு தொடங்குபவர்களுக்கு

2024ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி, பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் மைதானத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியும் டொராண்டோ புளூ ஜேஸ் அணியும் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் டொராண்டோவின் டேனி ஜான்சன் மட்டையோடு வந்து நின்றார். ஒரே ஒரு பந்தைச் சந்தித்திருந்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆட்டத்தை ஆகஸ்ட் 26ஆம் தேதிக்கு ஒத்திவைத்தார்கள். இடைப்பட்ட நாளில், ஜூலை 27 அன்று, டொராண்டோ நிர்வாகம் ஜான்சனைப் பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடங்கியபோது, பாதியில் நின்றுபோன அவருடைய முறையை முடித்துவைக்க டால்டன் வார்ஷோ என்பவர் மட்டையோடு வந்தார். அவருக்குப் பின்னால், பந்தைப் பிடிக்கும் கேட்ச்சராக உட்கார்ந்திருந்தவர் அதே ஜான்சன், இப்போது பாஸ்டன் சீருடையில். வார்ஷோ பந்தை அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீக்கில், ஒரே ஆட்டத்தில் இரு தரப்புக்கும் ஆடிய முதல் வீரர் என்று ஜான்சனின் பெயர் பதிவாகியிருக்கிறது.

இது அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால் இதற்கு அடிப்படையான விஷயம் பேஸ்பாலில் அன்றாடம் நடப்பது. ஒரு வீரர் ஓர் அணியில் ஆடுகிறார், பிறகு இன்னோர் அணிக்குப் போகிறார். இரண்டு அணிகளின் பெயரைச் சொல்லி, இந்த இரண்டுக்கும் ஆடியவர்கள் யார் யார் என்று கேட்பது பேஸ்பால் ரசிகர்களின் பழைய பொழுதுபோக்கு. 2023இல் வந்த இம்மாகுலேட் கிரிட் என்னும் இணையப் புதிர் அதைப் பல்லாயிரம் பேரின் காலைப் பழக்கமாக்கிவிட்டது. மூன்று வரிசை, மூன்று பத்தி. மேலேயும் பக்கவாட்டிலும் அணிகளின் பெயர்கள். இரண்டு அணிகள் சந்திக்கும் கட்டத்தில் அந்த இரண்டுக்கும் ஆடிய ஒருவரின் பெயரை எழுத வேண்டும். ஒன்பது கட்டங்களுக்கு ஒன்பது வாய்ப்புகள்தான். ஒரு பெயரை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். மற்றவர்கள் யாரும் நினைக்காத பெயரை எழுதினால் மதிப்பு கூடுதல்.

மேஜர் லீக்கில் இப்போது 30 அணிகள் இருக்கின்றன; அமெரிக்கன் லீக்கில் 15, நேஷனல் லீக்கில் 15. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 435 ஜோடிகள் வரும். இத்தனை ஜோடிகளையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது, செய்யவும் வேண்டாம். ஒரு வீரர் எப்படி இடம் மாறுகிறார் என்பது புரிந்துவிட்டால் பெயர்கள் தாமாகவே நினைவில் நிற்கும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு கேள்வி இருக்கிறது: இவர் போனாரா, அனுப்பப்பட்டாரா? அந்தக் கேள்வியோடு பார்த்தால், வெறும் பெயர்ப் பட்டியலாகத் தெரிவது நூறாண்டு கால உழைப்பு உரிமையின் வரலாறாக மாறிவிடும். நான் இதை விடாமல் படிப்பதற்கு அதுதான் காரணம்.

முதலில் ஒரு விதி. ஓர் அணிக்கு ஆடியவர் என்று சொல்ல, அந்த அணிக்காக மேஜர் லீக் ஆட்டம் ஒன்றிலாவது களத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது போதாது. பயிற்சி முகாமில் சீருடை அணிந்து புகைப்படம் எடுத்துக்கொண்டதும் கணக்கில் வராது. பயிற்சியாளராகவோ மேலாளராகவோ இருந்ததும் சேராது. அதே சமயம் ஒரே ஓர் ஆட்டம் ஆடியிருந்தாலும் போதும். நியூயார்க் யாங்கீஸ் அணியின் அடையாளமாகவே இருந்த யோகி பெர்ரா 1965இல் நியூயார்க் மெட்ஸுக்காக நான்கு ஆட்டங்களில் ஆடினார். எனவே யாங்கீஸ்–மெட்ஸ் கட்டத்தில் அவர் பெயர் செல்லும். சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸின் மாபெரும் பந்துவீச்சாளர் ஹுவான் மாரிச்சால், 1965 ஆகஸ்ட் 22 அன்று நடந்த ஆட்டத்தில் பரம எதிரிகளான டாட்ஜர்ஸின் கேட்ச்சர் ஜான் ரோஸ்பரோவை மட்டையால் தலையில் தாக்கியவர். அதே மாரிச்சால் 1975இல் டாட்ஜர்ஸ் சீருடையில் இரண்டு ஆட்டங்களில் பந்து வீசினார். ஜயண்ட்ஸ்–டாட்ஜர்ஸ் கட்டத்தில் அவர் பெயரும் சரியான விடைதான்.

சரியில்லாத விடை எது? அதே கட்டத்தில் ஜாக்கி ராபின்சன். நவீன மேஜர் லீக்கின் நிறத்தடையை 1947இல் உடைத்தவர், பத்து ஆண்டுகள் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக ஆடியவர். 1956 டிசம்பரில் டாட்ஜர்ஸ் அவரை ஜயண்ட்ஸுக்கு மாற்றியது. அவரோ அதற்குள் விளையாட்டை விட்டு விலகி வேறு வேலைக்குப் போவதென்று முடிவெடுத்திருந்தார். ஜயண்ட்ஸுக்காக அவர் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. மாற்றியதற்கான செய்தி உண்டு, ஆடியதற்கான பதிவு இல்லை.

இனி, ஒரு ஜோடியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழமாகப் பார்ப்போம். பாஸ்டன் ரெட் சாக்ஸும் நியூயார்க் யாங்கீஸும். அமெரிக்க விளையாட்டில் இதைவிடப் பழைய, கசப்பான போட்டி அதிகம் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது பெரிய விஷயம் என்பதாலேயே இந்தப் பட்டியல் சுவையானது. போனவர்களும் ஏராளம்.

தொடங்க வேண்டிய பெயர் பேப் ரூத். 1914இல் பாஸ்டனில் பந்துவீச்சாளராக வந்தார். 1915, 1916, 1918 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பாஸ்டன், இரு லீக்குகளின் வெற்றியாளர்களும் மோதும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் கோப்பையை வென்றது. 1919இல் அவர் 29 ஹோம் ரன்கள், அதாவது பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடிகள், அடித்தார். ஒரே பருவத்தில் அதுவரை யாரும் அவ்வளவு அடித்ததில்லை. அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் அணியின் உரிமையாளரும் நாடகத் தயாரிப்பாளருமான ஹாரி ஃப்ரேசி, ரூத்தை 1,00,000 டாலருக்கு யாங்கீஸுக்கு விற்றார். கூடவே யாங்கீஸ் உரிமையாளர் ஜேக்கப் ரப்பர்ட்டிடமிருந்து ஃப்ரேசிக்கு ஒரு பெரிய கடனும் கிடைத்தது. அதற்கு ஈடு ஃபென்வே பார்க் மைதானம். 1920இல், நியூயார்க்கில் ஆடிய முதல் பருவத்திலேயே, ரூத் 54 ஹோம் ரன்கள் அடித்தார்.

அதன்பிறகு பாஸ்டன் 2004 வரை வேர்ல்ட் சீரிஸை வெல்லவில்லை. 86 ஆண்டுகள். ரூத்தை விற்ற சாபம் என்று ஊர் பேசியது. சாபத்தைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை என்பேன். யாங்கீஸ் தன் முதல் வேர்ல்ட் சீரிஸை வென்ற 1923ஆம் ஆண்டு அணியின் பெயர்களைப் படித்தாலே போதும். அந்த அணியின் முக்கியமான ஐந்து பந்துவீச்சாளர்களில் நால்வர் பாஸ்டனிலிருந்து வந்தவர்கள்: வெயிட் ஹோய்ட், ஹெர்ப் பென்னாக், ஜோ புஷ், சாம் ஜோன்ஸ். கேட்ச்சர் வாலி ஷாங் பாஸ்டனில் இருந்தவர். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் எவரெட் ஸ்காட்டும் மூன்றாம் பேஸைக் காத்த ஜோ டூகனும் அங்கிருந்து வந்தவர்கள்தான். ரூத் போனது மட்டும் நடந்ததல்ல, ஓர் அணியே இடம்பெயர்ந்தது. ரூத்தின் பெயரைச் சொல்லிவிட்டு மற்றவர்களை விட்டுவிடும்போது கதையில் பாதி காணாமல் போகிறது.

என் மனத்துக்கு நெருக்கமான பெயர் ரெட் ரஃபிங். 1924 முதல் 1930 வரை பாஸ்டனுக்காகப் பந்து வீசினார். 39 வெற்றிகள், 96 தோல்விகள். இந்தக் கணக்கோடு யாரும் பெரிய வீரர் ஆனதில்லை என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். 1930 மே மாதத்தில் செட்ரிக் டர்ஸ்ட் என்னும் வீரரையும் 50,000 டாலரையும் வாங்கிக்கொண்டு பாஸ்டன் அவரை நியூயார்க்குக்கு அனுப்பியது. யாங்கீஸில் அவருடைய கணக்கு 231 வெற்றிகள், 124 தோல்விகள். 1967இல், பேஸ்பாலின் மாபெரும் வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். சிறுவயதில் சுரங்க விபத்தில் இடது காலின் நான்கு விரல்களை இழந்தவர் அவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்துவீச்சாளரின் பெயரில் எழுதப்படும் வெற்றி, அவருக்குப் பின்னால் நிற்பவர்களையும் ஓட்டங்கள் சேர்ப்பவர்களையும் எவ்வளவு சார்ந்தது என்று விளக்க இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எதிர்த் திசையிலும் போயிருக்கிறார்கள். எல்ஸ்டன் ஹோவர்ட் 1955இல் யாங்கீஸ் சீருடை அணிந்த முதல் கறுப்பின வீரர். 1963இல் அமெரிக்கன் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர். 1967 ஏப்ரல் 14 அன்று பாஸ்டனின் பில்லி ரோர் தன் முதல் மேஜர் லீக் ஆட்டத்தில் யாங்கீஸுக்கு ஒரு ஹிட்கூட, அதாவது பேஸை எட்டவைக்கும் ஓர் அடிகூட, கொடுக்காமல் ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டு அவுட் வரை வந்துவிட்டார். இன்னும் ஓர் அவுட் எடுத்திருந்தால் வரலாறு. அப்போது வந்து ஹிட் அடித்து அதைக் கெடுத்தவர் ஹோவர்ட். ஆகஸ்ட் மாதம் அதே ஹோவர்ட் பாஸ்டனுக்கு மாற்றப்பட்டார். அந்த இலையுதிர் காலத்தில் பாஸ்டனுக்காக வேர்ல்ட் சீரிஸில் கேட்ச்சராக ஆடினார்.

இந்த ஜோடியில் இதுவரை சொன்னவர்களில் ஒருவரைக்கூட, எங்கே ஆட விரும்புகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. இதுதான் தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம். ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, சில ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது வீரர்கள் பொதுவில் வருவார்கள் என்பது இயல்பாகத் தோன்றும். பேஸ்பாலில் ஏறக்குறைய நூறாண்டு காலம் அப்படி ஒரு நாளே வரவில்லை. ஒப்பந்தத்தில் ரிசர்வ் ஷரத்து என்று ஒன்று இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வீரர்மீது அணிக்கே உரிமை என்பதுதான் அதன் சாரம். அணி விரும்பினால் வைத்துக்கொள்ளும், விற்கும், மாற்றிக்கொள்ளும், கைவிடும். வீரருக்கு மிஞ்சியது ஒன்றுதான்: அனுப்பிய இடத்துக்குப் போவது, அல்லது ராபின்சன் செய்ததுபோல விளையாட்டையே விட்டுவிடுவது.

இதை எதிர்த்து நின்றவர் கர்ட் ஃப்ளட். 1958 முதல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் நடுக்களத்தைக் காத்தவர். 1963 முதல் 1969 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் சிறந்த களத்தடுப்பாளருக்கான தங்கக் கையுறை விருது பெற்றவர். 1969 அக்டோபரில் கார்டினல்ஸ் அவரை ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸுக்கு மாற்றியது. அவர் போக மறுத்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்கு ஒரு கடிதம் எழுதினார்: தன் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்கத் தான் ஒரு சொத்து அல்ல என்று. வழக்குத் தொடுத்தார். 1970 பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. விசாரணையில் அவருக்காகச் சாட்சி சொல்ல வந்தவர்களில் ஜாக்கி ராபின்சனும் ஒருவர். அப்போது களத்தில் இருந்த வீரர்கள் எவரும் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஃப்ளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

வழக்கில் தோற்றார், ஆனால் அவர் கிளப்பிய கேள்வி அடங்கவில்லை. பத்து ஆண்டுகள் மேஜர் லீக்கில் ஆடி, அதில் கடைசி ஐந்து ஆண்டுகள் ஒரே அணியில் இருந்தவரை அவருடைய சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்ற விதி 1973இல் வந்தது. இந்த விதி நான்கு ஆண்டுகள் முன்பே வந்திருந்தால் ஃப்ளட்டை யாரும் தொட்டிருக்க முடியாது. 1975ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று, அணிகளுக்கும் வீரர்களுக்கும் இடையிலான தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் பீட்டர் சைட்ஸ், ஒப்பந்தம் முடிந்து ஓராண்டு புதுக் கையெழுத்து இல்லாமல் ஆடிய ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி ஆகிய இரு பந்துவீச்சாளர்களும் எந்த அணிக்கும் கட்டுப்படாதவர்கள் என்று அறிவித்தார். ரிசர்வ் ஷரத்தின் பிடி அன்றோடு தளர்ந்தது. அதைத் தொடர்ந்து வந்த உடன்படிக்கையின்படி, ஆறு ஆண்டுகள் மேஜர் லீக் பணிக்காலத்தை நிறைவுசெய்த வீரர் ஒப்பந்தம் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட் ஆவார். தனக்குப் பிடித்த அணியோடு பேரம் பேசலாம்.

இப்போது மறுபடி யாங்கீஸ்–ரெட் சாக்ஸ் பட்டியலைப் பாருங்கள். 1976க்குப் பிறகு பெயர்களின் தன்மையே மாறுவது தெரியும். மைக் டொரெஸ் 1977இல் யாங்கீஸுக்காக வேர்ல்ட் சீரிஸின் கடைசி ஆட்டத்தை முழுவதும் வீசி வென்று கொடுத்தார். உடனே ஃப்ரீ ஏஜென்டாகி, கூடுதல் சம்பளத்துக்குப் பாஸ்டன் போனார். அடுத்த ஆண்டு இரு அணிகளும் சமநிலையில் முடித்ததால் 1978 அக்டோபர் 2 அன்று ஃபென்வேயில் ஒரு தீர்மான ஆட்டம் நடந்தது. பக்கி டென்ட் என்னும் யாங்கீஸ் வீரர், அதிகம் ஹோம் ரன் அடிக்காதவர், மூன்று ஓட்டங்கள் தரும் ஹோம் ரன்னை இடது பக்க உயர்ந்த சுவருக்கு மேலே தூக்கி அடித்தார். பந்து வீசியவர் டொரெஸ். யாங்கீஸ் 5–4 என்று வென்றது. அந்தக் குளிர்காலத்திலேயே பாஸ்டனின் செல்லப் பிள்ளையான லூயிஸ் டியான்ட் ஃப்ரீ ஏஜென்டாக நியூயார்க் போனார்.

வேட் பாக்ஸ் கதை இன்னும் தெளிவானது. பாஸ்டனில் 11 ஆண்டுகள், ஐந்து முறை அமெரிக்கன் லீக்கின் அதிகபட்ச பேட்டிங் சராசரி. 1986 வேர்ல்ட் சீரிஸை மெட்ஸிடம் பறிகொடுத்தபோது டக்அவுட்டில் உட்கார்ந்து கண்ணீர் விட்ட அவருடைய படம் பாஸ்டன் ரசிகர்களின் துயரத்துக்கே முகமாகிவிட்டது. 1992இல் அவருடைய சராசரி .259க்குச் சரிந்தது. பருவம் முடிந்ததும் யாங்கீஸோடு ஒப்பந்தம் செய்தார். 1996இல் யாங்கீஸ் வேர்ல்ட் சீரிஸை வென்ற இரவில், மைதானத்தில் நின்ற காவல்துறைக் குதிரை ஒன்றில் ஒரு காவலருக்குப் பின்னால் ஏறிக்கொண்டு, ஒரு விரலை உயர்த்தியபடி மைதானத்தைச் சுற்றி வந்தார். குதிரை என்றால் அவருக்குப் பயம் என்பது பிறகு அவரே சொன்னது. பாஸ்டன் ரசிகர்களுக்கு அந்தக் காட்சி கசந்தது உண்மை. என்றாலும் 2016இல் ரெட் சாக்ஸ் நிர்வாகம் அவருடைய 26ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று மரியாதை செய்தது.

ஜானி டேமன் 2004 அக்டோபர் 20 அன்று, யாங்கீஸின் சொந்த மைதானத்தில் நடந்த அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன்கள் அடித்து, பாஸ்டனின் 86 ஆண்டுக் காத்திருப்பு முடிய வழி திறந்தவர். நீண்ட தலைமுடியும் அடர்ந்த தாடியுமாக இருந்த அவரைப் பாஸ்டன் கொண்டாடியது. 2005 டிசம்பரில் 4 ஆண்டுகளுக்கு 52 மில்லியன் டாலர் என்று யாங்கீஸோடு கையெழுத்திட்டார். யாங்கீஸில் தாடி வைக்கக் கூடாது என்பது அப்போது கண்டிப்பான விதி. 2025இல்தான் அதைத் தளர்த்தினார்கள். டேமன் முடியை வெட்டி, தாடியை மழித்துக்கொண்டு வந்து நின்றார். ஜேக்கபி எல்ஸ்பரி 2013இல் 7 ஆண்டுகளுக்கு 153 மில்லியன் டாலர் பெற்று அதே வழியில் போனார். ரோஜர் கிளெமன்ஸ் பாஸ்டனில் 192 ஆட்டங்களை வென்று, டொராண்டோ வழியாகச் சுற்றி 1999இல் நியூயார்க் வந்தார். தன் 300ஆவது வெற்றியை 2003இல் யாங்கீஸ் சீருடையில் பெற்றார்.

துரோகி என்று ரசிகர்கள் கத்தியது டேமனைப் பார்த்துத்தான். ரூத்தை யாரும் அப்படித் திட்டவில்லை, ஏனென்றால் அவரை விற்றது உரிமையாளர். வீரர் தன் உழைப்பைத் தானே விற்கும்போது துரோகம், உரிமையாளர் விற்கும்போது வியாபாரம் என்று பார்ப்பது நியாயம் இல்லை. ஃப்ளட்டின் கதை தெரிந்தவர்கள் டேமனைத் திட்டுவதற்கு முன் சற்று யோசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் பரிமாற்றம் இன்றும் உண்டு. பருவத்தின் நடுவில், ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ அதற்கான கெடு முடியும், ஆகவே ஜூலையின் கடைசி வாரத்தில் செய்திகள் குவியும். ஓர் அணி தேவையில்லை என்று விடும் வீரரை வேறோர் அணி எடுத்துக்கொள்வதும் உண்டு. புதிய அணிகள் தொடங்கும்போது பழைய அணிகளிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இருந்திருக்கிறது. இவற்றில் பரிமாற்றம்தான் விசித்திரமான நாட்களைத் தந்திருக்கிறது. 1922 மே 30 அன்று சிகாகோவில் கப்ஸும் கார்டினல்ஸும் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என இரண்டு ஆட்டங்கள் ஆடின. இடைவேளையில் மேக்ஸ் ஃப்ளாக்கையும் கிளிஃப் ஹீத்கோட்டையும் ஒருவருக்கு ஒருவராக மாற்றிக்கொண்டார்கள். காலையில் எதிரெதிரே ஆடிய இருவரும் பிற்பகலில் எதிர் எதிர் சீருடைகளில் மறுபடி எதிரெதிரே ஆடினார்கள்.

1982 ஆகஸ்ட் 4 அன்று நடந்தது அதைவிட நீண்ட பயணம். ஜோயல் யங்பிளட் பகலில் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் மெட்ஸுக்காக ஆடிக்கொண்டிருந்தார். ஃபெர்கி ஜென்கின்ஸின் பந்தில் ஒரு ஹிட் அடித்து இரண்டு ஓட்டங்கள் பெற்றுத் தந்தார். சிறிது நேரத்தில் அவரை ஆட்டத்திலிருந்து வெளியே அழைத்து, உன்னை மான்ட்ரியல் எக்ஸ்போஸுக்கு மாற்றியாகிவிட்டது என்று சொன்னார்கள். புது அணி அன்றிரவு ஃபிலடெல்ஃபியாவில் ஆடுகிறது. புறப்பட்டவர் கையுறையை மறந்துவிட்டுத் திரும்பி ஓடி வந்து எடுத்துக்கொண்டு விமானம் பிடித்தார். இரவு ஃபிலடெல்ஃபியாவில் களமிறங்கி ஸ்டீவ் கார்ல்டனின் பந்தில் ஒரு ஹிட். ஒரே நாளில் இரண்டு நகரங்களில், இரண்டு அணிகளுக்காக, இரண்டு ஹால் ஆஃப் ஃபேம் பந்துவீச்சாளர்களின் பந்தில் ஹிட். இச்சிரோ சுசூகிக்கு விமானம்கூடத் தேவைப்படவில்லை. 2012 ஜூலை 23 அன்று யாங்கீஸ் சியாட்டிலுக்கு ஆட வந்திருந்தபோது மாரினர்ஸ் அவரை அவர்களுக்குக் கொடுத்தது. 11 ஆண்டுகளுக்கு மேல் தன் வீடாக இருந்த மைதானத்தில் அவர் அன்றிரவு எதிரணி ஆளாக இறங்கினார். முதல் முறை மட்டையோடு வந்தபோது எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்துக்குத் தலைக்கவசத்தைக் கழற்றிக் குனிந்து வணங்கிவிட்டு, ஹிட் அடித்தார்.

தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: அணிகளே ஊர் மாறுவது. அணியின் பெயரும் ஊரும் மாறினாலும், நிறுவனம் தொடர்ந்தால் அது ஒரே அணிதான். யங்பிளட் ஆடிய மான்ட்ரியல் எக்ஸ்போஸ் 2005இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் ஆனது. ஆகவே அவர் மெட்ஸ்–நேஷனல்ஸ் கட்டத்துக்கு விடை. டாட்ஜர்ஸ் புரூக்ளினிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கும், ஜயண்ட்ஸ் நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் 1958இல் போயின. ரூத் கடைசியாக 1935இல் ஆடியது பாஸ்டன் பிரேவ்ஸ் அணிக்கு. அந்த அணி மில்வாக்கி சென்று, பிறகு 1966இல் அட்லான்டா வந்தது. எனவே யாங்கீஸ்–அட்லான்டா பிரேவ்ஸ் கட்டத்தில் ரூத் பெயரை எழுதலாம். ஹாங்க் ஆரனில்தான் பலர் குழம்புகிறார்கள். அவர் முதலில் ஆடிய மில்வாக்கி பிரேவ்ஸ் வேறு, கடைசி இரண்டு ஆண்டுகள் ஆடிய மில்வாக்கி புரூவர்ஸ் வேறு. ஊர் ஒன்று, அணிகள் இரண்டு. வில்லி மேஸ் நியூயார்க்கில் தொடங்கி நியூயார்க்கில் முடித்தார். தொடங்கியது ஜயண்ட்ஸில், முடித்தது மெட்ஸில்.

கர்ட் ஃப்ளட்டும் இங்கே மறுபடி வருகிறார். கார்டினல்ஸ்–ஃபில்லீஸ் கட்டத்தில் அவர் பெயரை எழுதினால் தவறு, அவர் போகவே இல்லை. கார்டினல்ஸ்–ரெட்ஸ் கட்டத்தில் சரி; 1956, 1957 ஆண்டுகளில் சின்சினாட்டியில் சில ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 1971இல், வாஷிங்டன் செனட்டர்ஸுக்காக 13 ஆட்டங்கள் ஆடிவிட்டு நிரந்தரமாக விலகினார். அந்த அணி மறு ஆண்டே டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் ஆகிவிட்டதால், டெக்ஸஸில் ஒரு நாளும் ஆடாத ஃப்ளட் கார்டினல்ஸ்–ரேஞ்சர்ஸ் ஜோடிக்குச் சரியான விடை.

புதிரை நிரப்பத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை, நட்சத்திரங்களைத் தேடாதீர்கள். டெட் வில்லியம்ஸ், டோனி க்வின், டெரெக் ஜீட்டர் போன்றவர்கள் வாழ்நாள் முழுவதும் ஒரே அணியில் இருந்தவர்கள். ஜோடிக் கணக்குக்கு உதவ மாட்டார்கள். நட்சத்திரங்களின் கடைசி ஆண்டுகளைப் பாருங்கள். 1904இல் நியூயார்க்குக்காக 41 ஆட்டங்களை வென்ற ஜாக் செஸ்ப்ரோ, 1909இல் பாஸ்டனுக்காக ஒரே ஓர் ஆட்டம் வீசிவிட்டு மேஜர் லீக்கை முடித்துக்கொண்டார். யாங்கீஸ்–ரெட் சாக்ஸ் கட்டத்தில் இந்தப் பெயரை எழுதுபவர்கள் குறைவாகவே இருப்பார்கள். பேஸ்களைத் திருடுவதில் புகழ்பெற்ற, யாங்கீஸுக்கும் ஆடிய ரிக்கி ஹெண்டர்சன் 2002இல் பாஸ்டனில் ஆடினார். மொத்தம் ஒன்பது அணிகளில் இருந்த அவர் ஒருவரே 36 ஜோடிகளுக்கு விடை. அடுத்து, ஒரே பிரிவுக்குள் சுற்றி வந்தவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கெல்லி ஜான்சனும் ஸ்டீவ் பியர்ஸும் அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவின் ஐந்து அணிகளுக்கும் ஆடியவர்கள். பியர்ஸ் அந்தச் சுற்றின் கடைசியில் பாஸ்டனுக்கு வந்து, 2018 வேர்ல்ட் சீரிஸின் மிக மதிப்புமிக்க வீரர் விருதையே வாங்கிவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பந்துவீச்சாளர்கள். எப்போதும் ஏதாவது ஓர் அணிக்கு ஒரு பந்துவீச்சாளர் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். எட்வின் ஜாக்சன் 2003இல் தன் 20ஆவது பிறந்தநாளன்று டாட்ஜர்ஸுக்காக முதல் ஆட்டம் வீசி, எதிரே வீசிய ராண்டி ஜான்சனை வென்றார். அதிலிருந்து 2019இல் டொராண்டோவுக்கு வந்தபோது அது அவருடைய 14ஆவது அணி. 435 ஜோடிகளில் 91க்கு அவர் பெயர் ஒன்றே போதும். 2025இல் கான்சாஸ் சிட்டி ராயல்ஸுக்காகக் களமிறங்கி அந்தச் சாதனையைச் சமன்செய்த ரிச் ஹில்லுக்கும் 14 அணிகள். யாங்கீஸும் ரெட் சாக்ஸும் அவற்றில் அடக்கம்.